பூச்சும் பூசையும்

வீட்டின் புறச்சுவரை மூடும் மேற்படலத்தைத் தமிழ் ‘பூச்சு’ என்று அழைக்கிறது. அச்சொல்லையும் அதனோடு சேர்ந்தே நடக்கும் ‘மெழுகுதல்’ என்ற சொல்லையும் தமிழர் ஒன்றுக்கொன்று மாறான இரு மதிப்பீடுகளோடு வழங்கி வருகின்றனர். குற்றத்தை மறைத்துப் பேசுபவனைப் ‘பூசி மெழுகுகிறான்’ என்று பழிக்கும் அதே வாய், விடியலில் சாணம் கரைத்து வாசலும் திண்ணையும் மெழுகிய வீட்டை இலட்சுமி தங்கும் வீடு என்று வாழ்த்துகிறது. முதல் வழக்கில் பூச்சு உண்மைக்குப் பகை. இரண்டாவது வழக்கில் அது தூய்மைக்கு வழி. புறத்தைப் பேணுவது உள்ளிருப்பதை மறைக்கும் பொய்யா, அல்லது உள்ளிருப்பதன்மேல் காட்டும் பரிவா என்ற கேள்வி இந்த முரணுக்குள் அடங்கியிருக்கிறது. வீட்டுச் சுவருக்கு எதைப் பூசுவது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பூசுவது, பூசாமலே விடலாமா என்று ஒரு குடும்பம் ஆராயும்போது, பணக்கணக்கோடு இந்தக் கேள்விக்கும் அது விடை கூறுகிறது.

சைவ சித்தாந்தம் வீடுபேற்றுக்குரிய நெறிகளைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காக வகுக்கிறது. சரியை என்பது உடலால் செய்யும் எளிய திருத்தொண்டு. கோயிலைக் கூட்டிப் பெருக்கும் அலகிடுதலும், சாணநீரால் தரையைப் பூசும் திருமெழுக்கும் அதன் தொடக்கப் பணிகள். திருவதிகை வீரட்டானத்தில் திலகவதியார் நாள்தோறும் செய்துவந்த தொண்டாகப் பெரியபுராணம் காட்டுபவற்றில் இவ்விரண்டும் அடங்கும். சமணம் சென்றிருந்த தம்பி திருநாவுக்கரசர் திரும்பி வந்து சேர்ந்த இடமும், அவ்வாறு பெருக்கி மெழுகப்பட்ட அந்தத் திருமுற்றம்தான். ஆகவே, மேற்பரப்பைப் பேணும் வேலை ஞானத்திற்குப் புறம்பானது என்ற எண்ணம் இந்த மரபுக்கு உடன்பாடானதன்று. ‘பூசை’ என்ற சொல்லே ‘பூசு’ என்னும் திராவிட வினையடியிலிருந்து தோன்றியிருக்கலாம் எனச் சுவீடன் நாட்டு இந்தியவியல் அறிஞர் யார்ல் சார்பென்டியர் கருதினார். ‘பூ’வும் ‘செய்’யும் சேர்ந்ததே அச்சொல் என்ற வேறொரு விளக்கத்தைச் சுனிதி குமார் சாட்டர்ஜி போன்றோர் ஏற்றனர். இவ்வாராய்ச்சி முடிந்த முடிபன்று. எனினும் எண்ணெய், சந்தனம், மஞ்சள் ஆகியவற்றைத் திருமேனியின்மேல் பூசுவது வழிபாட்டின் மையச் செயல்களுள் ஒன்று என்பதை எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தருமபுரிக்கும் அரூருக்கும் இடையே, சென்னை–சேலம் இருப்புப்பாதையின்மேல் அமைந்த மொரப்பூரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும், புறத்தைப் பேணுவது பொய்யா பரிவா என்ற கேள்விக்கு உரிய களமாகக் கொள்ளலாம். செம்மண்ணும் பாறையும் அருகருகே கிடைக்கும் இந்நிலத்தில், குழைத்த மண்ணை வரிவரியாக வைத்துக் காயவிட்டு எழுப்பிய சுவர்களும், உடைகல்லை மண்சாந்தில் அடுக்கிய சுவர்களும் நெடுங்காலம் வீடுகளைத் தாங்கின. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டிலும் தருமபுரி மாவட்டம் மழை பெறுவதால், ஆடி ஆவணியில் ஒரு பக்கச் சுவரும் ஐப்பசி கார்த்திகையில் மறுபக்கச் சுவரும் சாரலுக்கு ஆளாகின்றன. மண்சுவருக்கு மழையைவிட அஞ்சத்தக்கது, கூரைநீர் தரையில் விழுந்து தெறித்து அடிச்சுவரை அரிப்பதுதான். அதனால்தான் முன்னோர் கூரையைத் தாழ இறக்கித் தாழ்வாரம் விட்டனர். சுவரின் அடியை ஒட்டித் திண்ணை கட்டினர். மழைக்காலத்தில் தென்னங்கீற்றையோ பனையோலையையோ முடைந்து மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய தட்டிகளைச் சாரல் படும் பக்கத்தில் சார்த்தினர். மேலைநாட்டு மரவீடுகளின் புறத்தே பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு அறைந்து மழைநீரை வழியவிடும் ஏற்பாட்டுக்கு நேரான தமிழ்நாட்டு ஏற்பாடு இந்தத் தட்டியே ஆகும். மழை முடிந்ததும் அவிழ்க்கப்பட்டு, மட்கியபின் குப்பைக்குழிக்கோ அடுப்புக்கோ சென்றுவிடும் தட்டி, தன்னைச் சுவரின் ஒரு பகுதியாக ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை.

தட்டிக்கு அடுத்த நிலையில் நின்றது சுண்ணாம்பு. தூய சுண்ணாம்புக்கல்லைக் காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது, நூறு கிலோ கல்லில் நாற்பத்து நான்கு கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்துவிட, ஐம்பத்தாறு கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதில் நீரூற்றினால் கொதித்துப் பொங்கி மாவாகிறது. இச்செயலை ‘நீற்றுதல்’ என்பர். நீற்றிய சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, வண்ணம் ஒட்டிநிற்பதற்காக வச்சிரப் பசையும், மஞ்சள் சாயல் தோன்றாதிருக்க நீலமும் சேர்த்து, நனைத்த சுவரில் மட்டையால் அடித்துவிட்டால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக ஈர்த்து மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறும் இப்பொருள், பார்வைக்கு வண்ணமாகத் தோன்றினாலும், உண்மையில் மிக மெல்லிய கல்லேடு. அவ்வேட்டில் நுண்துளைகள் இருப்பதால், சுவருக்குள் ஏறிய ஓதம், அதாவது அடிமானத்திலிருந்து மேலேறும் ஈரம், ஆவியாக வெளியேற அது இடம் கொடுக்கிறது. வெண்மை மேற்கு வெயிலைத் திருப்பியனுப்புகிறது. காரத்தன்மை பூஞ்சையைத் தடுக்கிறது.

தமிழில் ‘நீறு’ என்ற சொல் சாம்பலையும் குறிக்கும், நீற்றிய சுண்ணாம்பையும் குறிக்கும். தீயில் வெந்து, நீங்கக்கூடியவை யாவும் நீங்கியபின் எஞ்சும் வெண்மை என்ற ஒற்றுமையே இரண்டையும் ஒரு பெயரில் சேர்த்தது போலும். திருநீறு அணிபவர் தம் உடலை மறைப்பதற்காக அதை அணிவதில்லை. அவ்வுடல் எதில் முடியும் என்பதை மறவாதிருக்கவும், அது இறைவனின் உடைமை என்று அறிவிக்கவும் அணிகிறார். அதுவும் ஒரு நாளில் கலைந்து மறுநாள் மீண்டும் இடப்படுவது. கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் மாறிமாறி வரும் பட்டைகளைச் சிவமும் சக்தியுமாக மக்கள் காண்பதும் இவ்வாறே: பூச்சு அங்கே சுவரை மறைக்கவில்லை, சுவர் யாருக்குரியது என்பதைச் சொல்லுகிறது.

ஆனால் பூச்சின் ஆழ்ந்த பொருள் அடையாளத்தில் இல்லை, தேய்வில் இருக்கிறது. மழைச்சாரல் சுண்ணாம்பை அரிக்கிறது. சுவரிலிருந்து வெளிவரும் உப்பு அதன்மேல் பூத்து அதைப் பொரியச் செய்கிறது. வெயில் அதை வெளிறச் செய்கிறது. இவ்வழிவு யாவும் பூச்சோடு நின்றுவிடுவதால் சுவர் தப்புகிறது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையினர் இத்தகைய மேற்படலத்தைத் ‘தன்னை ஈந்து காக்கும் அடுக்கு’ என்ற கருத்தில் வழங்குகின்றனர்: காக்கப்படும் பொருளைவிட மென்மையாக இருப்பதே அதற்குரிய தகுதி. சுவரைவிடக் கடினமான பூச்சு சுவருக்குத் தீங்கு என்பதை மண்வீட்டின்மேல் சிமெண்ட் பூசியோர் அனுபவத்தில் கண்டிருப்பர். ஈரத்திற்கும் வெயிலுக்கும் மண்சுவர் விரிந்து சுருங்கும் அளவும் சிமெண்ட் விரிந்து சுருங்கும் அளவும் வேறானவை. நாளடைவில் விரிசல் விழுகிறது. அதன்வழி நுழைந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. வெளியே பார்க்க உறுதியாக நிற்கும் ஓட்டுக்குப் பின்னால் மண் குழைந்து, ஒரு நாள் பூச்சு பாளம் பாளமாகச் சரிகிறது. பூசி மெழுகுதல் என்ற பழிச்சொல் உண்மையிலேயே பொருந்தும் இடம் இதுதான்.

இவ்வேறுபாட்டைச் சித்தாந்தம் தன் மொழியில் முன்னரே வகுத்திருக்கிறது. உயிரை மறைப்பவை எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பது அதன் கொள்கை. ஆணவம் உயிரின் அறிவை மறைத்து இருளில் வைக்கும் மலம். மாயையும் மலம் எனப்படினும், அது உடலும் கருவிகளும் உலகமுமாக விரிந்து, விடியும் வரை இருளில் ஏற்றிவைத்த விளக்குப்போல உயிருக்கு உதவுகிறது. மலத்தை எவ்வாறு மலத்தால் கழுவ முடியும் என்ற ஐயத்திற்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், துணி வெளுப்பவர் சாணத்தையும் உவர்மண்ணையும் அழுக்குத் துணியில் ஏற்றி அழுக்கை நீக்கும் செயலை உவமையாகக் காட்டுகிறது. ஏற்றிய சாணமும் உவரும் அழுக்கோடு சேர்ந்தே போய்விடும். அவை தங்கிவிட்டால் வெளுப்பு நடக்கவில்லை என்பது பொருள். தைத்திரீய உபநிடதத்தை அடியொற்றிய வேதாந்தம் ஆன்மாவைச் சூழ்ந்த ஐந்து உறைகளைப் பேசி, அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக் காணச் சொல்லுகிறது. சித்தாந்தமோ அவ்வுறைகள் எதற்காகத் தரப்பட்டன என்று கூடுதலாகக் கேட்கிறது. சுவரையும் பூச்சையும் பொறுத்தவரை, இரண்டாவது கேள்வியே பயனுள்ளது.

பூச்சே வேண்டாம் என்பது மூன்றாவது நிலைப்பாடு. அதற்கும் சமய வேர் உண்டு. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்தபின் இந்தியாவையே தம் நாடாகக் கொண்டு, திருவனந்தபுரத்தில் 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், எளிமையையும் வாய்மையையும் தலையாய அறங்களாகக் கொள்ளும் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். செங்கல் செங்கல்லாகவே தோன்றட்டும் என்று சுவரைப் பூசாமல் விட்ட அவருடைய வீடுகள் செலவைக் குறைத்ததோடு, பொருள் தன்னை மறைக்காமல் நிற்கும் அழகையும் காட்டின. இந்நிலைப்பாடு மதிக்கத்தக்கது, ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொள்வதும் எளிது. பேக்கரின் வெற்றுச் சுவர்களுக்குமேல் நீண்டு இறங்கிய கூரை இருந்தது. செங்கல் இடுக்குகளில் சாந்து கவனமாக நிரப்பப்பட்டிருந்தது. மறைப்பை அவர் நீக்கிவிடவில்லை, அதைச் சுவரிலிருந்து கூரைக்கு மாற்றினார். இன்றைய சிற்றூர்களில் முகப்பை மட்டும் டைல்ஸால் மூடிவிட்டு, பக்கச் சுவர்களையும் பின்சுவரையும் செங்கல் தெரிய விட்டுவிடும் வீடுகளுக்கு அவருடைய பெயரைச் சான்றாகக் காட்ட இயலாது. அச்சுவர்களுக்குக் கூரை நீட்டமும் இல்லை, சன்ஷேடும் இல்லை. சாந்து வழிந்த இடுக்குகள் வழியே ஒவ்வொரு பருவத்திலும் சாரல் உள்ளே செல்கிறது.

‘எலிவேஷன்’ என்ற சொல்லைக் கொத்தனாரும் வீட்டுக்காரரும் இப்போது முகப்பு என்ற பொருளில் வழங்குகின்றனர். வரைபடத்தில் எல்லாப் பக்கத் தோற்றங்களுக்கும் உரிய அச்சொல், வழக்கில் தெருவைப் பார்க்கும் ஒரு பக்கத்திற்கு மட்டும் சுருங்கிவிட்டது. மழை தெருப்பக்கம் பார்த்துப் பெய்வதில்லை. காண்பவர் இல்லாத சுவருக்குச் செய்யும் வேலையில்தான், அது பிறர் பார்வைக்காகச் செய்யப்பட்டதா சுவருக்காகச் செய்யப்பட்டதா என்பது விளங்கும். இதில் வீட்டுக்காரரை மட்டும் குறைகூறுவது முறையாகாது. மனையின் எல்லைவரை சுவரை எழுப்பிவிட்டால், அதன் வெளிப்புறத்தைப் பூசுவதற்கு அடுத்த மனையில்தான் சாரம் கட்ட வேண்டியிருக்கிறது. அண்டை வீட்டார் இடம் தர மறுத்துவிட்டால் அச்சுவர் தலைமுறைக்கும் பூச்சின்றியே நிற்கிறது. நான்கு நாள் சாரத்திற்கு இடம் கொடுப்பது அண்டையறத்தின் ஒரு பகுதி என்பதைச் சமயப் பேச்சாளர்கள் எடுத்துரைத்தால், அது பல விளக்க உரைகளைவிடப் பயன்படும்.

மீண்டும் மீண்டும் பூசப்படும் சுவர் அதே சுவர்தானா என்ற கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். இந்திய மெய்யியல் அதை விளையாட்டாகக் கொள்ளவில்லை. ஒவ்வொரு கணமும் பொருள் அழிந்து புதிதாகத் தோன்றுகிறது என்ற பௌத்தரின் கணபங்க வாதத்தைத் தமிழில் நீலகேசி என்னும் சமண நூல் எதிர்த்து வாதிடுகிறது. தகடூர் என்ற பழம்பெயருடைய தருமபுரியில் நுளம்பர் காலத்தில் சமணப் பள்ளி இருந்ததால், சமணரின் விடை இந்நிலத்திற்கும் அயலானதன்று. பொருள் நிலைக்கிறது, அதன் நிலைமாற்றங்கள் தோன்றி மறைகின்றன, இரண்டும் ஒருங்கே உண்மை என்பது அவ்விடை. நாற்பது பொங்கலுக்கு வெள்ளையடிக்கப்பட்ட பழைய சுவர் ஒன்றின் விளிம்பு உடைந்தால், வெள்ளையும் நீலமும் மங்கிய மஞ்சளுமாக அடுக்குகள் தெரிகின்றன. எந்த அடுக்கும் சுவரன்று, ஆனால் அவ்வடுக்குகள் இல்லாமல் அச்சுவர் இவ்வளவு காலம் நின்றிருக்கவும் முடியாது.

கோயில்கள் இவ்வுண்மையைச் சடங்காகவே ஆக்கியுள்ளன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது ஆகம வழிவந்த வழக்கம். அப்போது திருமேனியில் விளங்கும் இறையாற்றல் மந்திரத்தால் குடத்திற்கு மாற்றப்படுகிறது. பாலாலயம் என்ற சிறிய தற்காலிகக் கோயிலில் வழிபாடு தொடர்கிறது. கொத்தரும் வண்ணம் தீட்டுவோரும் விமானத்தின்மேல் ஏறி வேலை செய்கின்றனர். உறைவோனுக்கும் உறைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சடங்கு வேறில்லை. உறை பழுதானது என்று ஒப்புக்கொள்வதில் அங்கே இழிவும் இல்லை.

ஆயினும் கோயில் பூச்சிலும் பிழை நேர்ந்திருக்கிறது. கற்சுவர்களில் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்க மணலை விசையோடு வீசும் முறை கையாளப்பட்டபோது, அழுக்கோடு கல்லின் தோலும் கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்தன. எதிர்ப்புக்குப்பின் அம்முறை தடைசெய்யப்பட்டது. இதற்கு நேரெதிரான இடர் நடுகற்களுக்கு நேர்கிறது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் பல்லவர் காலம் தொட்டு நடப்பட்ட வீரர் நடுகற்கள், ஆநிரை மீட்டும் புலியோடு பொருதும் மாண்டவர்களின் நினைவைத் தாங்குபவை. அவற்றுள் பல இன்று வேடியப்பன் என்ற பெயரில் தெய்வமாக வழிபடப்படுகின்றன. வழிபடுவோர் கல்லுக்கு எண்ணெய் சார்த்துகின்றனர், மஞ்சள் பூசுகின்றனர், சுண்ணாம்பு அடிக்கின்றனர். அண்மைக் காலத்தில் எனாமல் வண்ணமும் தீட்டுகின்றனர். பூச்சினால் கல்லின்மேல் பரிவு நிலைத்தது. அதே பூச்சினால் வட்டெழுத்தில் பொறித்த அந்த வீரனின் சொந்தப் பெயர் மறைந்தது. ஆய்வாளர் எழுத்தைக் கேட்கிறார், ஊரார் தெய்வத்தைக் கேட்கின்றனர். இரு தரப்பையும் தள்ளிவிட இயலாது. பூசும் பொருளைப் பொறுமையோடு மீண்டும் நீக்க முடியுமா என்று பார்ப்பதே இங்கு ஏற்ற அளவுகோல். மஞ்சளும் சுண்ணாம்பும் அச்சோதனையில் தேறும். கல்லின் துளைகளில் இறுகிவிடும் எனாமல் தேறாது. பின்வரும் தலைமுறை பிரித்துப் பார்க்க முடியாதபடி எதையும் மூடிவிடும் உரிமை எந்தத் தலைமுறைக்கும் இல்லை.

இவ்வாறு ஆண்டுதோறும் புதுப்பிப்பதைப் போற்றும்போது, அவ்வேலையைச் செய்தவர் யார் என்ற கேள்வியை விட்டுவிடுவது பெரும் அநீதியாகும். சாணம் சுமந்ததும் மெழுகியதும் பெரும்பாலும் பெண்கள்; சுண்ணாம்புக் காரத்தில் கை வெந்தவர்கள் கூலிக்கு வந்த எளியவர்கள். ஒவ்வொரு மழைக்கும் ஒழுகும் கூரையையும் கரையும் சுவரையும் சீர்செய்தே வாழ்நாளைக் கழித்த குடும்பத்திற்கு, நிலையான காரைவீடு என்பது ஆடம்பரமன்று, விடுதலை. குடிசையில்லாத தமிழ்நாட்டை இலக்காக அறிவித்து, ஊரகப் பகுதிகளில் 2030-க்குள் எட்டு இலட்சம் கான்கிரீட் வீடுகள் கட்ட 2024-இல் தொடங்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டம், வீடொன்றுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் அளிக்கிறது. 360 சதுர அடியில் அமையும் அவ்வீட்டில் குடியேறுபவரிடம் மண்சுவரின் மெய்ப்பொருளை எடுத்துரைப்பது பொறுப்பற்ற செயல். தேய்ந்து கொடுக்கும் பூச்சை மெய்யியல் போற்றலாம். தேய்ந்து கொடுக்கும் மனிதரை அது போற்றலாகாது.

எனினும் கான்கிரீட் வீடும் பேணுதலிலிருந்து விலக்குப் பெறுவதில்லை. இதைச் சொல்லாமல் வீட்டை மட்டும் கட்டிக் கொடுப்பது அரைவேலை. சிமெண்ட் பூச்சுக்கு நாட்கணக்கில் நீர் காட்டாவிட்டால் மயிரிழை விரிசல் விழும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலவைக்குப் பயன்படுத்தினால், சில ஆண்டுகளில் பட்டி, பிரைமர், எமல்ஷன் ஆகிய மூன்று அடுக்குகளையும் தள்ளிக்கொண்டு உப்பு வெளியே பூக்கும். பூச்சுக்காரர் அதன்மேல் மீண்டும் பட்டி வைத்துத் தேய்த்தால் குறை ஓராண்டு மறையும். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று அடிச்சுவரைப் பார்த்தால்தான் நோய் தீரும். முகப்பு டைல்ஸின் பின்னே கலவையை முழுதும் பரப்பாமல் ஐந்து இடத்தில் மட்டும் உருட்டி வைத்து ஒட்டியிருந்தால், தட்டும்போது வெற்றொலி கேட்கும். அவ்வெற்றிடத்தில் நீர் தங்கி, டைல்ஸ் கழன்று நடப்பவர்மேல் விழவும் கூடும். சன்ஷேடின் அடி விளிம்பில் விரலகலக் காடி ஒன்று வெட்டிவிட்டால், நீர் சுவருக்கு ஓடிவராமல் அங்கேயே சொட்டிவிடும். விலையுயர்ந்த வண்ணங்கள் பலவற்றைவிட அக்காடி சுவரைக் காக்கிறது. பராமரிப்பே தேவைப்படாது என்று விற்கப்படும் எந்தப் பொருளையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஒருமுறை செய்துவிட்டு இனி வேண்டாம் என்று விடப்படும் பூசை எந்த மரபிலும் இல்லை.

வீட்டைப் பேணும் நாளை முன்னோர் தை பிறப்பதற்கு முன்னே வைத்தனர். பழையன கழித்துப் போகியன்று வெள்ளையடித்த சுவரோடு பொங்கலை எதிர்கொள்ளும் வழக்கத்திற்குச் சமயப் பொருள் பல கூறப்படுகின்றன. அவற்றோடு சுவர் சார்ந்த காரணமும் உண்டு: மொரப்பூர்ப் பகுதியில் அந்நாட்களில் வடகிழக்குப் பருவம் ஓய்ந்திருக்கும்; சுவர் உலர்ந்திருக்கும்; சுண்ணாம்பு பிடிப்பதற்குமுன் அதை வறட்டிவிடும் கடும்வெயில் இன்னும் வந்திருக்காது.